பழைய கணினி நெட்வேர்க் கார்டை ஏன் கண்டுகொள்வதில்லை?

திருகோணமலையில் விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7ஓ ஓடுகிற கணினிகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. பாமினி எழுத்துருவையும் பேஜ்மேக்கரையும் விடமுடியாத அச்சகங்கள், டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரோடு சேர்ந்த பழைய பில் மென்பொருளை நம்பி ஓடும் கடைகள், பிள்ளைகள் படிக்க வாங்கி மூலையில் வைத்த வீட்டுக் கணினிகள் என்று பல இடங்களில் காணலாம். அவற்றில் நெட்வேர்க் நின்றுவிட்டால் “கார்ட் போய்ட்டுது” என்பார்கள். அடுத்த வார்த்தை “ஃபோர்மட் அடிச்சுப் பாப்பம்” என்று வரும்.

பெரும்பாலான நேரங்களில் கார்ட் போயிருக்காது. ஃபோர்மட் அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதுவரை வட்டில் இருந்த சரியான டிரைவரும் (கார்டை இயக்கும் சிறு மென்பொருள்) அதோடு அழிந்துவிடும். “கார்டைக் கணினி கண்டுகொள்ளவில்லை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் மருந்து வேறு. எது என்று பிரித்தறியாமல் கை வைத்தால் நேரமும் காசும் வீண்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்

நம் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கப்பல் உண்மையாகவே வந்திருக்க வேண்டும். அடுத்து, அது எந்தக் கப்பல் என்று தெரியவேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் மாறினாலும் மாறாத ஏழு இலக்க எண் ஒன்று உண்டு, அதைக் கேட்டு அறிவார்கள். பிறகு, அதை உள்ளே செலுத்தத் தெரிந்த பைலட் ஏறவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பழுதே இல்லாத கப்பலும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கடைசியில்தான் இறங்குதுறையில் கட்டிச் சரக்கு இறக்குவது.

கணினியிலும் இதே வரிசைதான். நெட்வேர்க் அடாப்டர் என்பது கணினியை வயர் மூலமோ வைஃபை மூலமோ வலையமைப்பில் சேர்க்கும் மின்சுற்று. தனிக் கார்டாக இருந்தாலும், மதர்போர்டிலேயே பதிந்த சிப்பாக இருந்தாலும், யூஎஸ்பியில் கொழுவும் டொங்கிளாக இருந்தாலும் பெயர் ஒன்றே. அது மின்சாரம் பெற்று உயிரோடு இருக்கவேண்டும். தன் எண்ணைச் சொல்லவேண்டும். அந்த எண்ணுக்குரிய டிரைவர் ஏறவேண்டும். அதன்பின் ரவுட்டரோடு பேசி ஒரு முகவரி பெறவேண்டும். இனி இந்த ஒவ்வொரு படியும் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கணினி உண்மையில் என்ன செய்கிறது

கணினியைப் போட்டதும் மதர்போர்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்திடமும் “நீ யார்?” என்று கேட்கப்படுகிறது. சிப் தன் உள்ளே பதித்து வைத்திருக்கும் இரண்டு எண்களைப் பதிலாகத் தருகிறது. ஒன்று அதைச் செய்த நிறுவனத்தின் எண், மற்றது அந்த வகைச் சிப்பின் எண். இரண்டும் நான்கு நான்கு இடங்கள் கொண்டவை. இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து வரும். இந்த இரண்டையும் சேர்த்து ஹார்ட்வெயார் ஐடி என்கிறோம். இன்டெலின் நிறுவன எண் 8086. ரியல்டெக் 10ஈசி. புரோட்கொம் 14ஈ4. ஏதெரோஸ் வைஃபை சிப்புகள் 168சி. ஒரு ஸ்லொட்டில் (மதர்போர்டில் கார்ட் செருகும் இடம்) எதுவும் இல்லையென்றாலோ சிப் செத்திருந்தாலோ பதில் வராது; கணினி அங்கே எதுவும் இல்லை என்று முடிவு செய்து கடந்துவிடும்.

எண் கிடைத்ததும் வேலை ஓ.எஸ்ஸின் கைக்கு வருகிறது. பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்தது இதைத்தான். டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட சிப்பை எப்படி இயக்குவது என்று ஓ.எஸ்ஸுக்குத் தெரிவிக்கும் சிறு மென்பொருள். ஒவ்வொரு டிரைவரோடும் ஐஎன்எஃப் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று வரும். “இந்தந்த ஹார்ட்வெயார் ஐடிகளுக்கு நான் பொறுப்பு” என்ற பட்டியல் அதில் இருக்கும். விண்டோஸ் தன்னிடம் உள்ள ஐஎன்எஃப் கோப்புகள் எல்லாவற்றையும் துழாவி, சிப் சொன்ன எண் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேடும். இருந்தால் டிரைவர் ஏறும். இல்லையென்றால் மஞ்சள் அடையாளம் விழும்.

பழைய ஓ.எஸ்ஸில் இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதோடு வந்த பட்டியலில் அன்றைக்குச் சந்தையில் இருந்த சிப்புகள்தான் உண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு அதற்குப் பின் வந்த சிப்புகள் தெரியாது. சிப் நல்லது, ஓ.எஸ் நல்லது, நடுவில் இருக்கவேண்டிய பட்டியலில் ஒரு வரி இல்லை. அவ்வளவுதான்.

சுருக்கமாக: சிப் எண் சொல்கிறது, விண்டோஸ் அந்த எண்ணைப் பட்டியலில் தேடுகிறது, கிடைத்தால் டிரைவர் ஏறுகிறது. “கண்டுகொள்ளவில்லை” என்றால் எண்ணே வரவில்லையா, எண் வந்தும் டிரைவர் இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

டிவைஸ் மனேஜரில் பார்த்துப் பிரித்தறிவது

இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர், விண்டோஸ் 7இல் கம்ப்யூட்டர் என்ற ஐகனில் வலது கிளிக் செய்து மனேஜ் என்பதை அழுத்துங்கள். இடது பக்கப் பட்டியலில் டிவைஸ் மனேஜர் இருக்கும். அங்கே நான்கில் ஒரு காட்சி தெரியும்.

நெட்வேர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் சிப்பின் முழுப் பெயரும், எந்த அடையாளமும் இல்லாமல் இருந்தால், கணினி அதைக் கண்டுகொண்டுவிட்டது. டிரைவரும் ஏறிவிட்டது. இனி டிரைவரைத் தேடுவதோ ஃபோர்மட் அடிப்பதோ தேவையில்லை. பழுது கேபிளில், ரவுட்டரில் அல்லது அமைப்புகளில் இருக்கிறது.

அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் அடையாளத்தோடு ஈதர்நெட் கொன்ட்ரோலர் அல்லது நெட்வேர்க் கொன்ட்ரோலர் என்று நின்றால், சிப் உயிரோடு இருந்து எண்ணும் சொல்லிவிட்டது, டிரைவர்தான் இல்லை. இந்த இரண்டு பெயர்களில் ஒரு பயனுள்ள துப்பு இருக்கிறது. சிப் தன் எண்ணோடு தான் எந்த இனம் என்பதையும் சொல்லும். வயர் இணைப்புச் சிப் தன்னை ஈதர்நெட் என்று சொல்லும். வைஃபை கார்ட் வழக்கமாக “வேறு நெட்வேர்க் சாதனம்” என்று சொல்லும். அதனால்தான் அது வெறும் நெட்வேர்க் கொன்ட்ரோலர் என்று விழுகிறது. மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்து நின்றால் வயர், வைஃபை இரண்டுக்கும் டிரைவர் வேண்டும்.

மூன்றாவது காட்சியில் சிப்பின் பெயர் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் மேலே ஏதோ அடையாளம் விழுந்திருக்கும். அதில் இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு கோட் எண் வரும். 22 என்றால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள். வலது கிளிக், எனேபிள், வேலை முடிந்தது. 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 39 என்றால் டிரைவர் கோப்பு பழுதாகிவிட்டது அல்லது காணாமல் போய்விட்டது. வைரஸ் துடைத்த கணினிகளில் இது வரும். 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 10தான் சங்கடமானது: டிரைவர் ஏறியது, ஆனால் சிப்பைத் தொடக்க முடியவில்லை. பொருந்தாத பதிப்பாக இருக்கலாம், சிப் உறைந்து போயிருக்கலாம், பாதி எரிந்தும் இருக்கலாம்.

நான்காவதில் எங்குமே எதுவும் இல்லை. பெயரும் இல்லை, மஞ்சள் அடையாளமும் இல்லை. சிப் எண் சொல்லவே இல்லை என்பது இதன் பொருள். இந்த நிலையில் எத்தனை டிரைவர் போட்டாலும் பயனில்லை. மின்சாரம், ஸ்லொட், பயோஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்), சிப் என்று வன்பொருள் பக்கம்தான் போகவேண்டும்.

எண்ணை எடுத்து டிரைவரைத் தேடுதல்

அதிகம் வருவது இரண்டாவது காட்சிதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மஞ்சள் அடையாளம் உள்ள வரியில் வலது கிளிக் செய்து புரொபர்ட்டீஸ் போங்கள். டீட்டெய்ல்ஸ் தாளில் மேலே ஒரு கீழிறங்கு பட்டி உண்டு. அதில் ஹார்ட்வெயார் ஐடிஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிசிஐ என்று தொடங்கும் சில வரிகள் தெரியும். அதில் வென் (VEN) என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இடங்கள் நிறுவன எண், டெவ் (DEV) என்பதற்குப் பின்னால் வருபவை சிப் எண். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் 8ஐயும் பி எழுத்தையும், 0ஐயும் டி எழுத்தையும் மாற்றி எழுத இடமுண்டு.

10ஈசி, 8139 என்று வந்தால் அது ரியல்டெக்கின் பழைய 100 எம்பிபிஎஸ் கார்ட். எக்ஸ்பியிலேயே அதற்கு டிரைவர் உண்டு, தானாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் விண்டோஸ் கோப்புகளில்தான் சந்தேகம். 10ஈசி, 8168 என்பது அதே நிறுவனத்தின் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சிப், ஏராளமான மதர்போர்ட்களில் பதிந்து வந்தது. எக்ஸ்பிக்கு அது அந்நியம். ஆனால் ரியல்டெக் எக்ஸ்பிக்கான டிரைவரை வெளியிட்டிருக்கிறது.

எண் கையில் இருந்தால் தேடும் இடங்கள் மூன்று. முதலாவது, கணினியின் அல்லது மதர்போர்டின் மொடலுக்கு அதைச் செய்த நிறுவனம் வைத்திருக்கும் பதிவிறக்கப் பக்கம். மொடல் எண் மடிக்கணினியின் அடியில் ஒட்டிய தாளிலும், மேசைக் கணினி என்றால் மதர்போர்டில் ஸ்லொட்களுக்கு நடுவிலும் அச்சிட்டிருக்கும். இரண்டாவது, சிப் செய்த நிறுவனத்தின் பக்கம். மூன்றாவது, மைக்ரோசொஃப்ட் அப்டேட் கட்டலொக் என்ற தளம்; அங்கே ஹார்ட்வெயார் ஐடியையே தேடல் பெட்டியில் இட்டால் பொருந்தும் டிரைவர்கள் பதிப்பு வாரியாக வரும். அங்கிருந்து இறங்குவது கேப் என்ற சுருக்கிய கோப்பு. 7-ஸிப் போன்ற மென்பொருளால் விரித்துக்கொள்ளலாம்.

“உங்கள் டிரைவர்கள் எல்லாவற்றையும் தானாகப் புதுப்பிக்கிறோம்” என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தொடவேண்டாம். அவற்றில் பல விளம்பரக் குப்பையைக் கூட்டிக்கொண்டு வரும். அதோடு நெட் இல்லாத கணினியில் நெட் வழியாக டிரைவர் தேடும் மென்பொருளால் என்ன பயன்?

டிரைவரை இறக்க இன்னொரு கணினி கிடைக்காவிட்டால், விண்டோஸ் 7இல் போன் உதவும். பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்களை யூஎஸ்பி கேபிளால் கொழுவி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைத் திறந்தால் போனே ஒரு நெட்வேர்க் கார்டாகத் தோன்றும். தானாக ஏறாவிட்டால் டிவைஸ் மனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, பட்டியலிலிருந்து நானே தெரிகிறேன் என்ற வழியில் போய், நெட்வேர்க் அடாப்டர்ஸ், மைக்ரோசொஃப்ட், ரிமோட் என்டிஐஎஸ் கம்பாட்டிபிள் டிவைஸ் என்று தெரிவு செய்யுங்கள். எக்ஸ்பியில் இந்த வழியை நம்பவேண்டாம். அங்கே பென் டிரைவ்தான்.

பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கட்டும். எக்ஸ்பி, தனியாக ஒரு அப்டேட் போடாமல், எக்ஸ்ஃபாட் வடிவைப் படிக்காது. இறக்கிய கோப்பை மற்றக் கணினியிலேயே விரித்து, முழு ஃபோல்டராகக் கொண்டுவாருங்கள். உள்ளே ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் கோப்புகள் இருக்கவேண்டும்.

போடுமுன் ஒரு சோதனை செய்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து, உங்கள் சிப் எண்ணைத் தேடுங்கள். அந்த நான்கு இடங்கள் உள்ளே இல்லையென்றால் அந்த டிரைவர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் உங்கள் கார்டுக்கு ஏறாது. வேறு தேடவேண்டும். பதினைந்து டிரைவர்களை மாறி மாறிப் போட்டுப் பார்ப்பதைவிட இந்த ஒரு தேடல் மேலானது.

எண் இருந்தால், டிவைஸ் மனேஜரில் அதே வரியில் வலது கிளிக், அப்டேட் டிரைவர். எக்ஸ்பி முதலில் விண்டோஸ் அப்டேட்டோடு இணையவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு குறிப்பிட்ட இடத்திலிருந்து நிறுவு என்பதைத் தெரிந்து, ஃபோல்டரைக் காட்டுங்கள். விண்டோஸ் 7இல் பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்பதை அழுத்தி, உள் ஃபோல்டர்களையும் சேர்க்கும் பெட்டியில் சரி அடையாளம் இட்டு, ஃபோல்டரைக் காட்டுங்கள்.

எண் பொருந்தியும் ஏறாவிட்டால்

முதல் சந்தேகம் 32 பிட், 64 பிட் குழப்பம். விண்டோஸ் இந்த இரண்டு வகையில் வருகிறது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது, மறுபக்கமும் அப்படியே. கம்ப்யூட்டர் ஐகனில் வலது கிளிக், புரொபர்ட்டீஸ் போனால் விண்டோஸ் 7 எது என்று சொல்லும். எக்ஸ்பி என்றால் அநேகமாக 32 பிட்தான்.

விண்டோஸ் 10க்கு என்று வந்த டிரைவரை 7இல் போட முடியாது. ஓ.எஸ்ஸும் டிரைவரும் பேசிக்கொள்ளும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஃபோல்டருக்குள் எக்ஸ்பி, வின்7, வின்10 என்று தனித்தனி உள் ஃபோல்டர்கள் இருந்தால் உரியதையே காட்டுங்கள்.

கோட் 52க்கு ஒரு தனிக் கதை உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. டிரைவரோடு டிஜிட்டல் கையொப்பம் ஒன்று வரும். டிரைவர் யாரிடமிருந்து வந்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான சான்று அது. பின்னாளில் எஸ்எச்ஏ-2 என்ற புதிய முறையில் கையொப்பமிடத் தொடங்கினார்கள். அப்டேட் எதுவும் போடாத விண்டோஸ் 7க்கு அந்த முறை தெரியாது. அதனால் உண்மையான டிரைவரையே போலி என்று தள்ளிவிடும். தீர்வு: சர்வீஸ் பேக் 1 (பல திருத்தங்களை ஒன்றாகச் சேர்த்த பெரிய அப்டேட்) இருக்கிறதா என்று பார்த்து, கேபி 4490628, அடுத்து கேபி 4474419 ஆகிய இரண்டு அப்டேட்களையும் பென் டிரைவில் கொண்டுவந்து அதே வரிசையில் போடுங்கள், பிறகு டிரைவர். எஃப்8 அழுத்திக் கையொப்பச் சோதனையை நிறுத்தும் வழியும் இருக்கிறது. ஆனால் அது அந்த ஒரு தடவைக்குத்தான், அடுத்த முறை கணினியைப் போட்டதும் கார்ட் மறுபடி நின்றுவிடும்.

பென் டிரைவே தெரியவில்லையா? விண்டோஸ் 7இல் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. நீல நிறப் போர்ட்டை விட்டுக் கறுப்புப் போர்ட்டில் கொழுவுங்கள். 2015க்குப் பின் வந்த பல இன்டெல் மதர்போர்ட்களில் எந்தப் போர்ட்டும் 7இல் வேலை செய்யாது. அங்கே சிடியில் எழுதிக் கொண்டுவருவது, அல்லது லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஓ.எஸ்) எழுதிய பென் டிரைவால் கணினியைத் தொடக்கி டிரைவரை வட்டில் நகலெடுத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்புவதுதான் வழி. எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டிருந்தால் மதர்போர்டின் சிப்செட் டிரைவரை முதலில் போட்டுவிட்டு நெட்வேர்க்குக்கு வருவது நல்லது.

இதுவரை பார்த்ததில் வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. சிப் எண், ஐஎன்எஃப்பில் அந்த எண், பிட் வகை, விண்டோஸ் பதிப்பு, கையொப்பம் ஆகிய ஐந்தும் ஒத்துவந்தால் டிரைவர் ஏறும்.

எதுவுமே தெரியாதபோது

கணினியை நிறுத்தி, பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். மடிக்கணினி என்றால் பற்றரியையும் கழற்றுங்கள். லேன் கேபிளையும் (ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயர்) எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். கணினி நின்றிருக்கும்போதும் மதர்போர்டில் ஒரு சிறு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், நெட்வேர்க் சிப் அதில் விழித்திருக்கும். கரண்ட் வெட்டி வெட்டி வந்தால் அந்தச் சிப் உறைந்துபோகலாம். வெறும் ரீஸ்டார்ட் அதை எழுப்பாது. கோட் 10க்கும் முதலில் இதைச் செய்துபாருங்கள்.

அடுத்து பயோஸ். கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 அழுத்துங்கள். ஒன்போர்ட் லேன் என்ற வரி எனேபிள் ஆக இருக்கவேண்டும். மடிக்கணினியில் வைஃபை காணாமல் போனால் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சையும் எஃப்என் பொத்தானோடு சேர்ந்த அன்டெனா அடையாளப் பொத்தானையும் பாருங்கள். சில மடிக்கணினிகளின் பயோஸ் தான் அங்கீகரித்த வைஃபை கார்டை மட்டுமே ஏற்கும். வேறு கார்ட் பூட்டினால் தொடங்கும்போதே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும்.

தனிக் கார்ட் என்றால் கழற்றிப் பாருங்கள். உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமாக இருக்கும் இடங்களில் உப்புக்காற்று பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் படிந்து மங்க வைக்கும். பவர் கேபிளைக் கழற்றி, கேஸின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கிவிட்டு, கார்டை எடுத்துத் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். அரத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். ரப்பர் துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, முடிந்தால் வேறு ஸ்லொட்டில் பூட்டுங்கள்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். பலர் பவர் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். செப்புத் தொலைபேசி வயர் ரவுட்டருக்கு வருகிறது, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் கணினிக்கு வருகிறது. மின்னல் ஏற்றம் அந்த வழியாக நுழைந்து நெட்வேர்க் சிப்பைத்தான் முதலில் தாக்கும். யூபிஎஸ் இதைத் தடுக்காது. பவர், தொலைபேசி வயர், லேன் கேபிள் மூன்றையும் கழற்றவேண்டும். கண்ணாடி இழை இணைப்பில் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் பவர் அடாப்டரும் லேன் கேபிளும் அங்கேயும் செம்புதான்.

மின்னல் பட்ட சிப் எப்போதும் முழுதாகச் சாவதில்லை. கேபிள் பக்கம் மட்டும் எரிந்து, கணினிப் பக்கம் பிழைத்திருக்கும். அப்போது டிவைஸ் மனேஜரில் எல்லாம் சுத்தமாகத் தெரியும், கோட் எதுவும் இருக்காது, ஆனால் எந்தக் கேபிள் போட்டாலும் “நெட்வேர்க் கேபிள் அன்பிளக்ட்” என்றே காட்டும், போர்ட்டின் சிறு விளக்கும் எரியாது. இதே கேபிளும் ரவுட்டரின் இதே போர்ட்டும் இன்னொரு கணினியில் வேலை செய்கின்றன என்றால், இந்தச் சிப்பைக் கைவிடலாம்.

சந்தேகம் தீர்க்க மிக நேர்மையான சாட்சி லினக்ஸ். லினக்ஸ் மின்ட், மிகப் பழைய கணினி என்றால் பப்பி லினக்ஸ். பென் டிரைவில் எழுதி, வட்டில் நிறுவாமல் அப்படியே தொடக்கலாம். ஏராளமான நெட்வேர்க் டிரைவர்கள் அதன் உள்ளேயே இருக்கின்றன. அங்கே நெட் வேலை செய்தால் வன்பொருள் நல்லது, குறை விண்டோஸ் பக்கம். அங்கேயும் சாதனமே தெரியாவிட்டால் கார்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது ஸ்லொட்டைப் பார்த்து வாங்குங்கள். நீண்ட வெள்ளை ஸ்லொட் பிசிஐ. அதற்கு 8139 சிப் உள்ள கார்ட் எக்ஸ்பியில் டிரைவர் கேட்காமலே ஓடும். குட்டையான ஸ்லொட் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதற்கு 8168 சிப் உள்ள கார்ட். பூட்டியபின் எரிந்த ஒன்போர்ட் சிப்பைப் பயோஸில் டிஸேபிள் செய்துவிடுங்கள்.

டொங்கிள்கள்

நகத்தளவு வைஃபை டொங்கிள்களில் மேல் மூடியையும் பெட்டியையும் பார்த்துச் சிப்பைச் சொல்ல முடியாது; ஒரே தோற்றத்தில் வெவ்வேறு சிப்புகள் வரும். இங்கேயும் ஹார்ட்வெயார் ஐடிதான் பேசும். வரி யூஎஸ்பி என்று தொடங்கும், வென்னுக்குப் பதில் விட் (VID), டெவ்வுக்குப் பதில் பிட் (PID). ரியல்டெக் 0பிடிஏ, ரேலிங்க் 148எஃப். சில டொங்கிள்கள் கொழுவியதும் சிடி டிரைவாகத் தோன்றும். உள்ளே இருக்கும் டிரைவரை நிறுவிய பிறகுதான் வைஃபையாக மாறும். எக்ஸ்பிக்கு வாங்குவதென்றால் சிப்பின் பெயரைக் கேட்டு, அதற்கு எக்ஸ்பி டிரைவர் உண்டா என்று உறுதி செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கண்டுகொண்டது, ஆனால் நெட் இல்லை

கார்டின் மீது அநியாயமாகப் பழி விழும் இடம் இது. நெட்வேர்க் இணைப்பில் இரண்டு முறை கிளிக் செய்து, எக்ஸ்பியில் சப்போர்ட் தாளையும், 7இல் டீட்டெய்ல்ஸ் பொத்தானையும் பாருங்கள். ஐபி முகவரி என்பது ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கும் எண். 192.168 என்று தொடங்கினால் வீட்டு ரவுட்டரிடமிருந்து வந்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் கேபிளின் எட்டு வயர்களில் நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு முனை துருப்பிடித்தால் இணைப்பு வந்து வந்து போகும். அடாப்டரின் அட்வான்ஸ்ட் தாளில் வேகத்தை 100 எம்பிபிஎஸ் என்று கட்டிவைத்தபின் நிலைத்து நின்றால், குறை பெரும்பாலும் கேபிளில்தான்.

வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர் தெரிந்து உங்கள் பெயர் தெரியாவிட்டால், உங்கள் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பலாம். பழைய கார்ட்களில் பெரும்பாலானவை 2.4இல் மட்டும் கேட்கும். ரவுட்டரில் 2.4ஐத் திறந்துவிடுங்கள். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்காவிட்டால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். எக்ஸ்பிக்கு டபிள்யூபிஏ2 முழுமையாக வருவது சர்வீஸ் பேக் 3ஓடு. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்த ரவுட்டரோடு அது சேராது.

ஐபி முகவரி சரி, ஆனால் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் மணிக்கூட்டைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி இறந்தால் திகதி பல வருடம் பின்னே போய்விடும், பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும். திகதியும் சரியென்றால், எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற குறியாக்கம் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். கார்ட் தன் வேலையைச் செய்கிறது; பிரவுசரால்தான் முடியவில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. எக்ஸ்பி கணினியைப் பிரிண்டருக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் உள்வலையில் மட்டும் வைத்திருப்பதே நல்லது.

ஃபோர்மட் அடித்தே ஆகவேண்டும் என்றால்

அதற்கு முன்னால், நெட்வேர்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவைஸ் மனேஜரைத் திறந்து வயர், வைஃபை இரண்டின் ஹார்ட்வெயார் ஐடியையும் படம் எடுங்கள். அவற்றுக்கான டிரைவர் ஃபோல்டர்களை இறக்கி, ஐஎன்எஃப்பில் எண் இருப்பதைப் பார்த்து, பென் டிரைவில் ஒன்றும் சிடியில் ஒன்றுமாக வையுங்கள். விண்டோஸ் 7இல் இணையத்தில் டிரைவர் கிடைக்காவிட்டால், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெபொசிட்டரி என்ற வரிசையில் உள்ளே போனால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் ஃபோல்டர் அங்கே முழுதாக இருக்கும். அந்த ஃபைல்ரெபொசிட்டரி ஃபோல்டரையே அப்படியே நகலெடுத்து வைத்தால், புதிய விண்டோஸில் அப்டேட் டிரைவர் கொடுத்து அதைக் காட்டினால் போதும்.